எடைக்கல்லுக்குக் கீழே ஒரு ஸ்டூல்

கல்லறைக் கற்களில் பெயர் மேலே இருக்கும், தேதி கீழே இருக்கும். ஆண்டுக்கு ஆண்டு மண் ஏறிக்கொண்டே வருவதால் முதலில் புதைவது தேதிதான். பெயரை நின்றபடியே படித்துவிடலாம். தேதி வேண்டுமென்றால் குத்தவைத்து உட்கார்ந்து, கல்லோரத்து மண்ணைக் கையால் தள்ளி, ஈரத்துணியால் துடைத்து, சாக்பீஸ் பொடியைத் தேய்த்துப் பார்க்க வேண்டும். நான் பள்ளிக்கூடத்தில் சமூக அறிவியல் நடத்துகிறவள். சாக்பீஸுக்குக் குறைவில்லை.

சனிக்கிழமைகளில் சங்கரன்கோவிலைச் சுற்றியுள்ள ஊர்களுக்குப் போய்க் கல்லறைத் தோட்டங்களிலும் குளத்து மடைகளிலும் இருக்கும் தேதிகளை எழுதி வருவேன். எந்த ஊரில் எந்த ஆண்டில் குழந்தைகள் அடுத்தடுத்து இறந்திருக்கிறார்கள், எந்தப் பஞ்சம் முடிந்த பிறகு எந்த மடை திருத்தப்பட்டது என்று வரிசைப்படுத்திப் பார்ப்பதில் எனக்கு ஒரு பிரியம். என்னிடம் யாரும் இதைக் கேட்டதில்லை. இந்த வேலைக்கு வேண்டியது நல்ல கண், பொறுமை, அதோடு தரையோடு தரையாக நெடுநேரம் மடங்கியிருக்கக்கூடிய இடுப்பு. முதல் இரண்டையும் பற்றி நிறைய யோசித்திருக்கிறேன். மூன்றாவதைப் பற்றி அந்தச் சனிக்கிழமை வரை நினைத்ததே இல்லை.

ஆடித் தபசு முடிந்து வந்த முதல் சனிக்கிழமை அது. வாசுதேவநல்லூருக்குப் பக்கத்தில் ஒரு குளத்து மடையைப் பார்த்துவிட்டு அண்ணனின் காரில் திரும்பிக்கொண்டிருந்தோம். அண்ணன் ஓட்டினான். நான் முன் இருக்கையில் வலது காலைத் தூக்கி இடது கால் மேல் போட்டு, முழங்காலில் அட்டையை வைத்து, மடைக்கல்லில் பார்த்ததைச் சுத்தப் பிரதி எடுத்துக்கொண்டிருந்தேன். செம்மறி ஆட்டு மந்தை ஒன்று சாலையைக் கடந்தது. அண்ணன் வண்டியை ஒடித்தான். ஆடுகள் தப்பின; கார் பாலத்தின் கைப்பிடிச் சுவரில் போய் இடித்தது. பெல்ட் போட்டிருந்தேன். பெல்ட் நெஞ்சைப் பிடித்தது. முழங்காலைப் பிடிக்க ஒன்றுமில்லை. அது போய் முன்பலகையில் மோதியது.

வலி முழங்காலில் இல்லை என்பதுதான் எனக்கு முதலில் விளங்காமல் போனது. அடி பட்டது ஓரிடம், உயிர் போனது வேறிடம். காலைக் கீழே வைக்கப் பார்த்தேன், வரவில்லை. தொடை உள்பக்கமாகத் திரும்பி மடங்கியபடியே நின்றுவிட்டது. அண்ணனுக்கு ஒன்றும் ஆகவில்லை. "இறங்கு, இறங்கு" என்று கத்திக்கொண்டே இருந்தான். இறங்குவதற்கு எனக்குக் கால் இல்லை.

சங்கரன்கோவிலில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். எக்ஸ்ரே எடுத்ததுமே எலும்பு டாக்டர் பரபரப்பானார். தொடை எலும்பின் உச்சியில் இருக்கும் பந்து, இடுப்பில் இருக்கும் கிண்ணத்தைவிட்டுப் பின்பக்கமாக வெளியே வந்துவிட்டது என்றார். அந்தப் பந்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய்கள் மிக மெல்லியவை, வெளியே கிடக்கும் ஒவ்வொரு மணி நேரமும் அவை நசுங்கிக்கொண்டிருக்கும், பந்து செத்துப்போகக்கூடும் என்றார். மயக்கம் கொடுத்துக் காலை மடக்கி மேல்நோக்கி இழுத்துப் பந்தைக் கிண்ணத்துக்குள் போட்டுவிட்டார்கள். நான் கண் விழித்தபோது கால் நேராகியிருந்தது. அவ்வளவுதான், வீட்டுக்குப் போகலாம் என்று நினைத்தேன்.

அடுத்து ஸ்கேன் எடுத்தார்கள். டாக்டர் கட்டிலருகே வந்து கணினித் திரையை என் முகத்துக்கு நேரே பிடித்தார். வாசுதேவநல்லூர்ப் பக்கத்துப் பையன். முப்பதைத் தாண்டியிருக்க மாட்டார்.

"டீச்சர், பந்து உள்ள போயிட்டு. ஆனா கிண்ணம் ஒடஞ்சிருக்கு. பாத்தீங்களா, பின்சுவரு? இந்த விளிம்புதான் பந்தப் பின்னால போகவிடாமப் பிடிக்கது. அது துண்டு துண்டாக் கிடக்கு."

"கட்டுப் போட்டால் சேராதா?"

"அதுக்கில்ல. ஒரு துண்டு உள்ள போயி மாட்டிக்கிட்டு. பந்துக்கும் கிண்ணத்துக்கும் நடுவுல. செருப்புக்குள்ள கல்லு கெடந்தா நடப்பீங்களா?"

திரையில் சாம்பல் நிறக் கிண்ணத்துக்குள், பயற்றம்பருப்பு அளவில் ஒரு வெள்ளைப் புள்ளி தெரிந்தது.

பந்தின் மேலும் கிண்ணத்தின் உள்ளும் வழவழப்பான குருத்தெலும்பு பூசியிருக்கிறது, உடம்பில் அது மறுபடி வளராது, பந்து அந்தத் துண்டின்மேல் உரசினால் பூச்சு போய்விடும் என்று சொன்னார். அறுவை சிகிச்சை செய்து துண்டை எடுத்து, பின்சுவரைப் பொருத்தித் தகடு வைத்துத் திருகாணி போட வேண்டும். இந்தக் கிண்ணத்தில் கை வைக்கத் தெரிந்தவர் திருநெல்வேலியில் இருக்கிறார். அவர் வெளியூர் போயிருக்கிறார், வர இன்னும் பத்துப் பன்னிரண்டு நாளாகும். எனக்குச் சர்க்கரையும் ஏறியிருந்தது. அதையும் இறக்க வேண்டும். அதுவரை பந்து கிண்ணத்தின்மேல் அழுத்தாமல் காலை இழுத்துப் பிடித்திருக்க வேண்டும்.

"பிறகு குத்தவைத்து உட்கார முடியுமா?" என்று கேட்டேன்.

அவர் சிரித்தார். எல்லாரும் "நடக்க முடியுமா" என்றுதான் கேட்பார்களாம். "நடந்திருவீங்க டீச்சர். குத்தவைக்கது அந்தப் பூச்சு எவ்வளவு மிஞ்சுதுங்கதப் பொறுத்தது. பந்த உரசவிடாம வச்சிருந்தாச் சொல்லலாம்."

அதனால் முழங்காலுக்குச் சற்று மேலே எலும்பின் குறுக்கே ஒரு கம்பியைச் செலுத்தினார்கள். கம்பியின் இரு முனைகளையும் லாடம் போன்ற ஓர் இரும்பு பிடித்தது. அதிலிருந்து கயிறு புறப்பட்டு, கட்டில் காலடியில் இருந்த கப்பியின் மேல் ஏறி மறுபக்கம் இறங்கியது. கயிற்றின் நுனியில் எடைக்கற்கள் தொங்கின. எடையோடு சேர்ந்து நானே கீழே வழுக்கிப் போகாமல் இருக்கக் கட்டிலின் கால்பக்கத்தை மரக்கட்டைகளின் மேல் தூக்கி வைத்தார்கள். என் உடம்பு ஒரு பக்கம் இழுக்க, எடைக்கல் மறுபக்கம் இழுக்க, நடுவில் அந்தப் பயற்றம்பருப்புக்கும் பந்துக்கும் இடையே ஒரு நூலளவு இடைவெளி. ஆஸ்பத்திரியின் மொத்த ஏற்பாடும் அந்த நூலளவுக்காகத்தான்.

திரும்பிப் படுக்க முடியாது. உட்கார முடியாது. தலை தாழ்ந்தும் கால் உயர்ந்தும் கிடந்ததால் சாப்பிடுவதே பெரிய பாடு. ஆயா பெட்பேனை வைக்க வரும்போது கட்டில் கம்பியைப் பிடித்து நல்ல காலை ஊன்றி ஒரு சாண் எழும்புவேன். அன்றைய தேகப்பயிற்சி அதுதான். டாக்டர் வரும்போதெல்லாம், "பெருவிரல மேல தூக்குங்க" என்பார். கிண்ணத்தின் பின்சுவரை ஒட்டித்தான் காலுக்குப் போகும் பெரிய நரம்பு இறங்குகிறது. விரல் தூக்கினால் நரம்பு பிழைத்திருக்கிறது என்று அர்த்தம். நான் தூக்குவேன். என் கட்டுப்பாட்டில் மிஞ்சியிருந்தது அந்த ஒரு விரல்.

ஜன்னலின் மேல்பாதி வழியாகப் பக்கத்துக் கட்டிடத்தின் தண்ணீர்த் தொட்டியும் கோபுரத்தின் ஒரு துண்டும் தெரிந்தன. ராஜபாளையம் பஸ்ஸின் ஆரனும் திருநெல்வேலி பஸ்ஸின் ஆரனும் எனக்குப் பிரித்துத் தெரிய ஆரம்பித்தன. எதிர்ச்சுவரில் தினசரி காலண்டர் ஒன்று தொங்கியது. அதை யாரும் கிழிப்பதில்லை. நான் வந்த நாளுக்கு முந்திய தேதியிலேயே நின்றிருந்தது. தவறான தேதியைப் பார்த்தபடி நாள் முழுவதும் படுத்திருப்பது, கம்பி போட்ட இடத்து வலியைவிட எனக்குப் பெரிய வேதனையாக இருந்தது. உள்ளே வருகிறவர்களிடமெல்லாம் கிழிக்கச் சொன்னேன். "கிழிச்சிருவோம்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

கைபேசியில் படித்துக்கொண்டிருந்தேன். இந்தக் கிண்ணத்துக்கு மேலைநாட்டு உடற்கூற்று வல்லுநர்கள் வைத்த பெயருக்குப் பொருள், காடி, அதாவது வினிகர், ஊற்றி வைக்கும் சின்னக் கிண்ணம். பிறக்கும்போது அது ஒரே எலும்பு அல்ல. மேலிருந்து ஒன்று, முன்னிருந்து ஒன்று, பின்னிருந்து ஒன்று என மூன்று எலும்புகள் வந்து அந்தக் குழியில் சந்திக்கின்றன. சிறுபிள்ளைகளின் எக்ஸ்ரேயில் மூன்றுக்கும் நடுவே கோடு தெரியும். பதின்வயதில் கோடு மறைந்து ஒரே கிண்ணமாகிவிடும். எனக்கும் எட்டாவதோ ஒன்பதாவதோ படிக்கும்போது ஒரு நாள் அது மூடியிருக்க வேண்டும். எந்த நாள் என்று எங்கும் எழுதப்படவில்லை.

டாக்டர் இன்னொன்றும் சொன்னார். கிண்ணத்தில் எந்த இடம் உடைந்திருக்கிறது என்பதைப் பார்த்து, மோதிய நொடியில் தொடை எந்தப் பக்கம் நோக்கியிருந்தது என்று சொல்லிவிடலாமாம். கால் அகன்றிருந்தால் உடைவது வேறிடம். கால்மேல் கால் போட்டிருந்ததால்தான் பந்து விளிம்பைச் சிதைத்துக்கொண்டு வெளியேறியது. அந்த நொடியில் நான் எப்படி உட்கார்ந்திருந்தேன் என்பது எலும்பில் பதிவாகியிருக்கிறது. வேறு யாருடைய எலும்பாகவாவது இருந்திருந்தால் அன்று முழுவதும் மகிழ்ந்திருப்பேன்.

எங்கள் பக்கத்தில் ஒருவர் படுத்துவிட்டால் போய்ப் பார்க்காமல் இருப்பது பெரிய குற்றம். ஹார்லிக்ஸ், ஆரஞ்சு, பன் என்று கையில் பையோடு வருவார்கள். விபத்தை ஆரம்பத்திலிருந்து சொல்ல வேண்டும். கரிவலம்வந்தநல்லூரிலிருந்து வந்த ஒரு விவசாயி, என் கணவருக்குத் தெரிந்தவர், முழுவதும் கேட்டுவிட்டு, "வெள்ளாடா, செம்மறியா?" என்றார்.

"செம்மறி, அண்ணாச்சி."

"அதான பாத்தேன். வெள்ளாடுன்னாத் துள்ளி ஒதுங்கிரும். செம்மறி அப்படியே நிக்கும்வே" என்று என் கணவரைப் பார்த்துச் சொல்லிவிட்டு, காரணம் கிடைத்த திருப்தியோடு எழுந்து போனார்.

அண்ணன் மட்டும் உள்ளே வருவதில்லை. வாசலில் நின்று எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடுவான். அவனுக்கும் சேர்த்து மைனி வந்தாள். என் அண்ணன் மனைவி, ராயகிரிக்காரி, சபையின் பெண்கள் ஜெபக்குழுவில் அவள் குரல்தான் பெரியது. வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம் முடிந்ததும் குழுவையே கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். கட்டிலைச் சுற்றிச் சேலைகள்.

"என்னட்டி இது, கொலைக்களம் மாதிரி கம்பியும் கயிறும்?"

"எடை மைனி. எலும்பை உரசவிடாம இழுத்துப் பிடிக்குது."

"இழுக்கச் சொன்னது யாரு? எங்க ராயகிரியில ஒரு வைத்தியரு இருக்காக. கைய வச்சாப் போதும், எலும்பு தன்னால வந்து ஒக்காந்துக்கும். உளுந்தும் முட்டையும் வச்சுக் கட்டிவிட்டாகன்னா..."

"இந்த எலும்பு ஆழத்துல இருக்கு. வெளியே இருந்து கட்ட முடியாது. கைய வச்சா சதைதான் தட்டுப்படும்."

"ஒங்கிட்ட ஏதுட்டி சதை?"

எல்லாரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது; சிரித்தால் இடுப்பு வலித்தது. முகம் சுருங்கியதை அவள் பார்த்துவிட்டாள். சிரிப்பு நின்றது. உட்கார்ந்திருந்த ஸ்டூலைவிட்டு எழுந்து சுவரருகே போய்க் காலண்டரைப் பார்த்தாள். "இது என்ன, போன வாரத்துலயே நிக்கி?" என்று தாள்களைச் சேர்த்துப் பிடித்துக் கிழித்து, சரியான தேதிக்குக் கொண்டுவந்தாள். யாரும் சொல்லாமலே செய்தாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

பிறகு எல்லாரும் எழுந்து நின்று ஜெபித்தார்கள். கண்ணை மூடிக்கொண்டேன். ஜெபம் நீளமாகப் போனது. நடுவில் கால்பக்கத்தில் ஏதோ நகரும் சத்தம். சட்டென்று கம்பியின் இழுப்பு விட்டது. தொடை முழுவதும் தளர்ந்தது. சேர்ந்த நாளிலிருந்து ஒரு நொடிகூட விடாமல் இருந்த அந்தப் பிடி இல்லாமல் போனதும், ஜெபம் கேட்கப்பட்டது என்றே நினைத்தேன். ஆமென் சொல்லும் முன் தூங்கிவிட்டேன்.

விழித்தபோது அறையில் யாருமில்லை. கணவர் டீ வாங்கப் போயிருந்தார். இடுப்பின் ஆழத்தில் ஒரு புதுவலி. முந்திய வலி இழுவை, இது அரைப்பு. காலை அசைத்தால் உள்ளே எதுவோ நெரிந்தது. மணியை அழுத்தினேன். நர்ஸ் வந்து கால்பக்கம் குனிந்தவள் அப்படியே நின்றாள்.

"யாரு பாத்த வேலை டீச்சர் இது?"

எனக்கு எதுவும் தெரியவில்லை. உயர்த்திய கட்டிலில் மல்லாந்து கிடக்கிறவளுக்குத் தன் காலுக்கு அப்பால் நடப்பது தெரியாது. எடைக்கல்லுக்குக் கீழே யாரோ ஸ்டூலை நகர்த்திக் கல்லை அதன்மேல் ஏற்றி வைத்திருக்கிறார்கள். கயிறு தொளதொளவென்று கிடக்கிறது என்று அவள் சொன்னாள். தசை இறுகி, பந்து கிண்ணத்துக்குள் அந்தத் துண்டின்மேலேயே உட்கார்ந்திருக்கிறது. நான் நிம்மதியாகத் தூங்கிய நேரம் முழுவதும்.

டாக்டர் ஓடிவந்தார். எடையை மறுபடி தொங்கவிட்டு எக்ஸ்ரே எடுத்தார். "வெளிய வரல" என்று மட்டும் சொன்னார். உரசியதா என்று கேட்டேன். எக்ஸ்ரேயில் குருத்தெலும்பு தெரியாது, திறந்து பார்க்கும்போதுதான் தெரியும் என்றார். பெருக்க வந்த பெண்ணைத் திட்டினார்கள். அவள் தொடவே இல்லை என்று அழுதாள்.

யார் என்பது ஞாயிற்றுக்கிழமை தெரிந்தது. ஆராதனை முடிந்து என் கணவர் நேரே ஆஸ்பத்திரிக்கு வந்தார். கோபமா சிரிப்பா என்று தெரியாத ஒரு முகம்.

"ஒன் மைனி இன்னைக்குக் கோயில்ல சாட்சி சொன்னா."

"என்ன சாட்சி?"

"நீ வலியில துடிச்சிக்கிட்டு கிடந்தியாம். ஜெபம் பண்ணும்போதே கால்ல தொங்குன கல்ல இவதான் தூக்கி ஸ்டூல்ல வச்சாளாம். அந்த நிமிசமே கர்த்தர் ஒனக்கு நித்திரையக் கொடுத்தாராம். சபையே அல்லேலூயா சொல்லிச்சு. நானும் வாயெடுத்தேன், பிறகுதான் புத்திக்கு எட்டுச்சு."

கோயில் வாசலில் வைத்தே அவர் மைனியிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டிருந்தார். மறுநாள் அவள் தனியாக வந்தாள். பழம் இல்லை, பை இல்லை. ஸ்டூலில் உட்காராமல் நின்றாள்.

"ஆட்டுக்குட்டிக்குக்கூட அப்படிக் கல்லக் கட்டித் தொங்கவிட மாட்டோம்ட்டி. பாக்கச் சகிக்கல. அதான் செஞ்சேன்."

"தெரியும் மைனி."

"இப்ப என்ன செய்யும்?"

"திறந்து பாத்தாத்தான் தெரியும்."

அவள் கப்பியையும் கயிற்றையும் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு அந்த ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு போய் வராந்தாவில் போட்டுவிட்டு வந்தாள். அன்றிலிருந்து பார்க்க வந்தவர்கள் எல்லாரும் நின்றுகொண்டுதான் பேசினார்கள். பேச்சும் குறைந்தது.

திருநெல்வேலிக்கு ஆம்புலன்சில் போனது, எடைக்கல்லுக்குப் பதிலாக ஒருவர் கையாலேயே கயிற்றை இழுத்துப் பிடித்துக்கொண்டு வந்தது, அங்கே என்னை இடப்பக்கம் சாய்த்துப் படுக்கவைத்துப் பிட்டத்தின் பின்பக்கமாகத் திறந்தது எல்லாம் பிறகு கேட்டுத் தெரிந்துகொண்டவை. தசைகளை விலக்கி, பெரிய நரம்பைப் பத்திரமாக ஒதுக்கிவைத்து, காலை இழுத்துப் பந்தைச் சற்றே விலக்கி, அந்தத் துண்டைக் கழுவி எடுத்திருக்கிறார்கள். பின்சுவரின் துண்டுகளை ஒவ்வொன்றாக இடத்தில் வைத்து, கிண்ணத்தின் வளைவுக்கேற்ப ஒரு தகட்டை வளைத்துத் திருகாணிகளால் முடுக்கியிருக்கிறார்கள். திருகாணி வழிதவறிக் கிண்ணத்துக்குள் நுழையவில்லை என்று எக்ஸ்ரே திரையில் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டார்களாம்.

மறுநாள் பெரிய டாக்டர் வந்தார். அதிகம் பேசாதவர். கிண்ணம் நன்றாகச் சேர்ந்திருக்கிறது என்றார். பந்தின் உச்சியில் ஒரு கீறல் இருக்கிறது, பூச்சு சிறிது போயிருக்கிறது என்றார்.

"அந்தக் கீறல் விபத்தில் வந்ததா, எடை இறங்கியிருந்தபோது வந்ததா?"

அவர் என்னை ஒரு கணம் பார்த்தார். "அதச் சொல்ல முடியாதும்மா. கீறல் கீறல்தான்."

பிறகு ஊன்றுகோல், அப்புறம் கைத்தடி. தாழ்ந்த நாற்காலியில் உட்காரக் கூடாது, கால்மேல் கால் போடக் கூடாது என்று பல கூடாதுகள். நடக்கிறேன், பள்ளிக்கூடத்துக்குப் போகிறேன், நின்றுகொண்டு பாடம் நடத்துகிறேன். தொடை ஓரளவு மடங்கும், அதற்கு மேல் உள்ளே கதவு நிலையில் இடித்ததுபோல நின்றுவிடும். எவ்வளவு பயிற்சி செய்தும் அந்த இடத்தைத் தாண்டவில்லை. குத்தவைப்பதை மறந்துவிடச் சொன்னார் டாக்டர்.

பங்குனியில் ஒரு சனிக்கிழமை மைனி வந்து, "கெளம்பு" என்றாள். எங்கே என்று சொல்லவில்லை. ஆட்டோவை ராயகிரிக் கல்லறைத் தோட்டத்தில் நிறுத்தச் சொன்னாள். பையில் தண்ணீர் பாட்டில், ஈரத்துணி, என் மேசையிலிருந்து எடுத்த சாக்பீஸ். முதல் கல்லின் முன்னால் சேலையைக் கூட்டிப் பிடித்து ஒரே மடிப்பில் குத்தவைத்து உட்கார்ந்தாள். மண்ணைத் தள்ளினாள், துடைத்தாள், பொடியைத் தேய்த்தாள். நான் மேலே நின்று எழுதினேன். மாதத்தை விட்டுவிட்டு ஆண்டை மட்டும் சொன்னாள். மறுபடி பார்க்கச் சொன்னேன்.

"வருசம் போதாதா? ரொம்பப் பண்ணுத."

"மாசமும் வேணும் மைனி."

முனகிக்கொண்டே பார்த்துச் சொன்னாள். அடுத்த கல்லின் ஓரத்தைத் துடைத்துக்கொண்டே, தலையைத் தூக்காமல் கேட்டாள்.

"அந்தக் கீறல் நான் கல்லத் தூக்கி வச்ச அன்னைக்கு விழுந்ததாட்டி?"

எத்தனையோ மாதமாக நானும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். அந்த வெள்ளிக்கிழமை என்று சொல்லிவிட எனக்கு ஆசையாக இருந்த நாட்கள் உண்டு. சொல்லியிருந்தால், இந்த இடுப்பு நிற்கிற இடத்துக்கு ஒரு காரணமாவது கிடைத்திருக்கும்.

"தெரியாது மைனி. அதுல தேதி போடல."

துணியைப் பிழிந்தாள். கல்லின் அடியில் எழுத்துகள் வெள்ளையாக எழுந்து வந்தன.

"இதுல போட்டிருக்கு. எழுதிக்க" என்றாள். மாதத்தையும் சேர்த்தே சொன்னாள்.

அடுத்த கல்லுக்கு அவள் எழுந்து நடக்கவில்லை. களை எடுக்கிறவர்கள் நகர்வதுபோலக் குத்தவைத்தபடியே ஒரு பாதத்துக்குப் பின் மறுபாதமாக நகர்ந்து போனாள். அவள் இடுப்பில் எதுவும் எங்கும் இடிக்கவில்லை. நான் கைத்தடியை ஊன்றி அவள் பின்னால் போய், அவள் தலைக்கு மேலே நின்றேன்.